அல்சூர் அச்சகமும் விண்டோஸ் 11உம்: எவை போயின, எவ்வளவு செலவாயிற்று

பெங்களூரு அல்சூரில் திருமண அழைப்பிதழ், காதணி விழாப் பத்திரிகை, கோயில் திருவிழா மலர் ஆகியவற்றை அச்சிட்டுத் தரும் சிறிய அச்சகம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள கணினிகளை விண்டோஸ் 10க்கு அடுத்த நிலைக்குக் கொண்டுபோகும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. அதற்கு முன்பே அச்சகத்தின் உரிமையாளர் ஒரு விற்பனையாளரிடம் மதிப்பீடு கேட்டு வாங்கி வைத்திருந்தார். புதிய கணினிகள், புதிய ஸ்கேனர், புதிய லேசர் பிரிண்டர், வடிவமைப்பு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா என்று போய், தொகை இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. "மிஷின் எல்லாம் நல்லாத்தானே ஓடுது தம்பி, எதுக்கு இவ்வளவு?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடிச் செய்த வேலையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு அச்சகத்தாருக்கும் டிடிபி கடைக்காரர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

அச்சகத்தில் இருந்தவை இரண்டு கணினிகள். வடிவமைப்பு நடக்கும் கணினியில் நான்காம் தலைமுறை ஐ5 செயலி, 4 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10இன் 32-பிட் பதிப்பு (பிட் என்பது செயலி ஒரே வீச்சில் கையாளும் தரவின் அளவு; 16 மிகப் பழையது, 32 அடுத்தது, 64 இன்றையது). முன்மேசைக் கணினியில் ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, வட்டு மட்டும் பழைய சுழல்வட்டு. வாடிக்கையாளர் அனுப்பும் படங்களை வாங்குவது, பில் போடுவது, புரூஃப் அனுப்புவது ஆகியவை முன்மேசையில் நடக்கும். இவற்றோடு, பழைய குலதெய்வப் படங்களையும் பெரியவர்களின் புகைப்படங்களையும் எடுக்க ஒரு ஸ்கேனர். ஆஃப்செட் அச்சுத் தகடு செய்வதற்காக ட்ரேசிங் பேப்பரில் எடுத்துத்தர ஒரு லேசர் பிரிண்டர்.

விண்டோஸ் 10 உரிமம் வைத்திருப்பவர் அதே பதிப்பின் விண்டோஸ் 11க்கு மாறுவதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. மேக் இயங்குதளம் 2013இல் மேவரிக்ஸ் பதிப்போடு இலவசமாயிற்று. 2015இல் விண்டோஸ் 10உம் பழைய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு காலம் இலவசமாகக் கிடைத்தது. அதன் பிறகு இயங்குதளத்தின் விலை என்பதே மக்கள் மனத்திலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் செலவு மறையவில்லை; புதிய பதிப்பு எதைக் கைவிட்டதோ அதற்கு மாற்று வாங்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விற்பனையாளரின் மதிப்பீட்டில் இயங்குதளத்துக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை என்பதை உரிமையாளருக்குச் சுட்டிக்காட்டினேன். இரண்டு லட்சமும் கைவிடப்பட்டவற்றின் விலைதான்.

ஆகவே கணினியின் உள்ளுறுப்புகளைப் பார்ப்பதற்கு முன்பாக, தட்டச்சும் வடிவமைப்பும் செய்யும் அக்காவின் பக்கத்தில் அமர்ந்து, ஓர் அழைப்பிதழ் கையெழுத்துத் தாளாக வந்து ட்ரேசிங் பேப்பராகப் போகும் வரை எந்தெந்தப் பொருளும் எந்தெந்த வசதியும் தேவைப்படுகின்றன என்பதை வரிசையாக எழுதிக்கொண்டேன். இந்தத் தாள்தான் பின்னால் வந்த எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை. கணினியின் தகுதியைச் சோதிக்கும் மென்பொருள் கணினியைப் பற்றி மட்டுமே சொல்லும். தொழிலுக்கு என்ன நின்றுபோகும் என்று அது சொல்லாது.

தகுதிச் சோதனை எதிர்பார்த்தபடியே முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், செக்யூர் பூட் வசதியுள்ள யுஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருளும், 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி வட்டும் வேண்டும்; இன்டெல் செயலியானால், சில விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, டிபிஎம் டாட் எம்எஸ்சி என்று தட்டிப் பார்த்தால் சில் இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்பது தெரிந்துவிடும். முன்மேசைக் கணினியில் பயாஸ் அமைப்புக்குள் பிடிடி என்ற பெயரில் அது அணைந்து கிடந்தது, இயக்கியதும் 2.0 என்று காட்டியது. அப்படியும் செயலி பட்டியலில் இல்லாததால் பயனில்லை. நான்காம் தலைமுறைக் கணினியில் அதுவும் இல்லை.

இந்த நிபந்தனைகளைக் காரணமற்றவை என்று நான் சொல்லமாட்டேன். வட்டைப் பூட்டும் சாவியைத் தனிச் சில்லில் வைப்பதும், கணினி எழும்போதே கையொப்பமில்லாத நிரலைத் தடுப்பதும் உண்மையான பாதுகாப்பு தருபவை. நிபந்தனையைத் தாண்டி நிறுவ ரெஜிஸ்ட்ரி வழியும், ரூஃபஸ் என்ற கருவியின் வழியும் உண்டு. வீட்டில் சோதனைக்காக ஒருவர் அப்படிச் செய்வது வேறு. முகூர்த்த நாள்கள் நெருக்கும் மாதத்தில் ஒரு புதுப்பிப்பு ஏற மறுத்தால் பதில் சொல்ல வேண்டிய கடையில் அதைச் செய்யக்கூடாது என்பது என் முடிவு. எனவே அந்த வழியை விட்டுவிட்டேன்.

பணம் கட்டி விண்டோஸ் 10க்கே புதுப்பிப்பு பெறும் திட்டத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தனிநபர் கணினிகளுக்கு 30 டாலர், அல்லது அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் காப்பெடுத்தால் இலவசம். 2026 அக்டோபர் 13 வரை செல்லும். அக்காவின் வீட்டு மடிக்கணினியை இந்த இலவச வழியில் சேர்த்துக்கொடுத்தேன். தொழில் நிறுவனங்களுக்கு வேறு கட்டணம்: ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு. மூன்றாண்டும் சேர்த்தால் 427 டாலர். இரண்டாம் ஆண்டில் சேருகிறவர் முதலாண்டுக் கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும். பெங்களூரின் கணினிச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் புதுப்பித்து விற்கப்படும் எட்டாம் தலைமுறை அலுவலகக் கணினியின் விலை இதில் பாதிகூட வராது. எனவே அந்தப் பேச்சும் அதோடு முடிந்தது.

அடுத்து, கைவிடப்பட்டவற்றின் பட்டியல். இதில் முதலாவதும் பெரியதும் 32-பிட் பதிப்பே இல்லாமற்போனது. விண்டோஸ் 11 64-பிட்டாக மட்டுமே வருகிறது. 64-பிட் முறையில் ஓடும் செயலி, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து நிரல்களுக்குத் தேவையான மெய்நிகர் 8086 முறையை அனுமதிப்பதில்லை. அதனால் 16-பிட் நிரல்களை ஓட்டும் பகுதி 64-பிட் விண்டோஸில் எப்போதும் இருந்ததில்லை. விண்டோஸ் 10இன் 32-பிட் பதிப்புதான் அதன் கடைசிப் புகலிடம். அக்கா பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் 32-பிட் நிரல்தான் என்றாலும், அதை நிறுவும் நிரல் 16-பிட். ஆகவே புதிய கணினியில் குறுந்தகட்டைப் போட்டவுடன் இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்ற அறிவிப்போடு நின்றுவிடும். 1990களில் எழுதப்பட்ட பல மென்பொருள்களுக்கு இதே நிலைதான். ஸ்கேனரைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் என்ற நிரலும் 32-பிட்டில் மட்டுமே உண்டு. இந்த ஒரே காரணத்துக்காகத்தான் அச்சகத்தில் இத்தனை ஆண்டுகள் 32-பிட் விண்டோஸைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

சிறிய இழப்புகளும் உண்டு. அவை அன்றாடம் கையில் தட்டுப்படுபவை என்பதால் அவற்றையும் குறித்துக்கொண்டேன். அக்கா டாஸ்க்பாரைத் திரையின் இடது ஓரத்தில் நிறுத்தி வைத்திருப்பார். நீளவாட்டுப் பக்கத்தை முழுமையாகப் பார்க்க அந்த ஒரு விரல்கடை உயரம் அவருக்குத் தேவை. விண்டோஸ் 11 வெளிவந்தபோது பட்டையை ஓரத்துக்கோ மேலுக்கோ நகர்த்தும் வசதி எடுக்கப்பட்டுவிட்டது. வேர்ட்பேட் என்ற எளிய எழுத்துச் செயலி விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் நீக்கப்பட்டது. ஐபோனில் எடுத்த மணமக்கள் படங்கள் எச்இஐசி கோப்பாக வருகின்றன. அவற்றைத் திறக்கத் தேவையான எச்இவிசி நீட்சிக்கு ஸ்டோரில் 0.99 டாலர் கட்ட வேண்டும். டிவிடி ஓட்டும் வசதி விண்டோஸ் 8இலேயே போய், பின்னர் தனிச் செயலியாக விலைக்கு வந்தது. லதா எழுத்துரு நீக்கப்படவில்லை, ஆனால் விருப்பத் தேர்வாக ஒதுக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் 2000 முதல் இயங்குதளத்தோடு வந்த அந்த எழுத்துருவில்தான் வாடிக்கையாளர் பலர் இன்னும் வேர்ட் கோப்புகளை அனுப்புகிறார்கள். அது இல்லாத கணினியில் நிர்மலா யுஐ எழுத்துரு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, வரிகள் வேறிடத்தில் முறிந்து, ஒரு பக்கத்தில் அடங்கிய சொந்தக்காரர் பட்டியல் இரண்டாம் பக்கத்துக்கு வழிகிறது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குள் போய், தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற தொகுப்பைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் இலவசமாக வந்துவிடும். இதைத் தெரிந்தவருக்கு இது சில நிமிட வேலை; தெரியாதவர் எழுத்துருவே போய்விட்டது என்று எண்ணி எல்லாவற்றையும் மறுபடி அடுக்குவார்.

இவற்றையெல்லாம் எதிரில் வைத்துக்கொண்டு எடுத்த முடிவு இது: வடிவமைப்புக்கு எஸ்.பி. ரோட்டில் புதுப்பித்த எட்டாம் தலைமுறை ஐ5 கணினி ஒன்றை விண்டோஸ் 11 உரிமத்தோடு வாங்குவது. முன்மேசைக் கணினியில் சுழல்வட்டை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி வட்டு பொருத்தி, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 நிறுவுவது. பழைய 32-பிட் கணினியை அப்படியே வைத்து, வலைக்கம்பியை மட்டும் கழற்றி, பழைய வேலைகளைத் திறப்பதற்காக மட்டும் பயன்படுத்துவது. மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. பழைய கணினியை மெய்நிகர்க் கணினியாக மாற்றி உள்ளேயே ஓட்டலாமே என்று உரிமையாளரின் மகன் கேட்டார். தொழில்நுட்பப்படி முடியும். ஆனால் அந்த விண்டோஸ் கணினியோடு வந்த உரிமம், அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது. நேர்மையாக வாங்கிய ஓர் உரிமத்தை நேர்மையாகவே பயன்படுத்துவோம் என்று சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

முன்மேசைக் கணினியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மின்ட் நிறுவி, வாட்ஸ்அப் வலைப்பக்கமும் இலவச அலுவலக மென்பொருளான லிபர்ஆஃபிஸில் பில் தாளும் திறந்துகொடுத்தவுடன் வேலை தொடங்கிவிட்டது. எச்இஐசி படங்களைக் காட்ட ஒரு சிறு பொதி சேர்த்தேன், அதற்குக் கட்டணமில்லை. விண்டோஸில் டிரைவர் இல்லாமற்போன ஸ்கேனரை இந்தக் கணினியில் செருகி, ஸ்கேனிமேஜ் கட்டளையால் பட்டியலைக் கேட்டபோது, அதன் பெயர் முதல் வரியிலேயே வந்தது. லினக்ஸில் ஸ்கேனர்களுக்கான சேன் என்ற கட்டமைப்பு, தயாரித்தவர் கைவிட்ட கருவிகளுக்கும் வருடக்கணக்கில் டிரைவரைப் பராமரித்து வருகிறது. மதிப்பீட்டிலிருந்த புதிய ஸ்கேனரின் தொகை அந்த நிமிடமே அடிபட்டுப்போயிற்று.

பிரிண்டரில் இருந்த சிக்கல் நுட்பமானது. விற்பனையாளர் கவனிக்காததும் அதுதான். ஆஃப்செட் தகட்டுக்கு ட்ரேசிங் பேப்பரில் எடுக்கும்போது எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பி அச்சிடுவார்கள். டோனர் படிந்த பக்கம் தகட்டில் பூசிய மருந்தை நேரடியாகத் தொட்டால்தான் ஒளி ஓரங்களில் கசியாமல் எழுத்துக் கூர்மையாக விழும். தாளின் தடிமன் இடையில் வந்தால் ஒன்பது புள்ளி அளவு எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து, மகன் என்பது மகன என்று போய்விடும் அபாயம் உண்டு. பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரில் இதற்கென்று மிரர் என்ற தேர்வு இருந்தது. புதிய விண்டோஸ் தானாக ஏற்றிய பொது டிரைவரில் பிரிண்டர் நன்றாகவே அச்சிட்டது. ஆனால் அந்தத் தேர்வு இல்லை. அலுவலகத்தில் கடிதம் அடிப்பவர் இதை ஒருநாளும் கவனிக்கமாட்டார். இந்த அச்சகத்துக்கோ அந்த ஒரு தேர்வு இல்லையென்றால் பிரிண்டரே இல்லை.

இதற்கும் மின்ட் கணினியில் வழி கிடைத்தது. லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் மிரர் என்பது பொதுத் தேர்வாகவே இருக்கிறது. அச்சுக் கட்டளையில் சேர்த்தால் போதும், டிரைவர் அதைத் தர வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிரிண்டரை முன்மேசைக் கணினியில் இணைத்து, ட்ரேசிங் என்ற பெயரில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, அதில் வந்து விழும் பிடிஎஃப் கோப்பை இடவலம் திருப்பி 600 டிபிஐயில் அச்சிடும் சிறு நிரலை எழுதி வைத்தேன். டோனர் சிக்கனத் தேர்வை அணைத்து வைப்பது முக்கியம். கறுப்பு அடர்த்தி குறைந்தால் ஒளி ஊடுருவித் தகடு கெட்டுவிடும். தகடு எடுக்கும் அண்ணன் முதல் தாளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து, "இது போதும்" என்றார். அவர் சொல்லும் வரை அந்த வேலை முடிந்ததாக நான் எண்ணவில்லை.

இனி, இந்த மாற்றத்தின் மிகக் கடினமான பகுதியாகிய பழைய கோப்புகள். அச்சகத்தின் இருபதாண்டு வேலை பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது. ஒரு வீட்டில் அக்காவுக்குத் திருமணம் நடந்து, சில ஆண்டு கழித்துத் தம்பிக்கு நடக்கும்போது, அதே அழைப்பிதழை எடுத்துப் பெயரை மாற்றித் தரச் சொல்வார்கள். அதனால் பழைய கோப்புகள்தான் இந்தத் தொழிலின் மூலதனம். பேஜ்மேக்கர் 7 2001இல் வந்தது. அதற்குமேல் புதிய பதிப்பு இல்லை. அதன் வாரிசாக வந்த இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. பிறகு வந்த சந்தாப் பதிப்புகளில் அந்த வசதி இல்லை. அதாவது விற்பனையாளர் ஆண்டுச் சந்தாவாகப் பரிந்துரைத்த மென்பொருளை வாங்கியிருந்தாலும், இந்தக் கோப்புகளில் ஒன்றுகூடத் திறந்திருக்காது. இயங்குதளம் ஒன்றைக் கைவிடும்போது அதன் மேல் ஓடும் மென்பொருளும் தன் பங்குக்கு வேறொன்றைக் கைவிட்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் போடும் மதிப்பீடு கடைக்காரரை ஏமாற்றத்தில்தான் கொண்டுபோய் விடும்.

பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க லிபர்ஆஃபிஸ் டிரா உதவியது. லிப்பேஜ்மேக்கர் என்ற திறமூல நிரலகம் அதற்குள் இருக்கிறது. இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸும் அதையே பயன்படுத்துகிறது. பக்க அமைப்பு முழுமையாக வருவதில்லை. ஓரச் சித்திரங்கள் நகர்ந்துவிடுகின்றன. ஆனால் எழுத்து வந்துவிடுகிறது. வரும் எழுத்து எந்த வடிவில் வருகிறது என்பதில்தான் வேலையே தொடங்குகிறது.

இந்தக் கோப்புகளில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினியில் தமிழ் என்ற சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றின் மேல் தமிழ் உருவங்களை வரைந்து வைத்ததுதான் அந்த எழுத்துரு. எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆங்கில எழுத்துகளின் குவியல். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமாகிய யூனிகோடுக்கு மாற்ற ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் பாமினி, டாப், டிஸ்கி ஆகிய பழைய குறியாக்கங்களுக்கு மாற்றிகள் இருக்கின்றன. கொம்பை முன்னால் அடித்துப் பிறகு மெய்யை அடிப்பது பாமினி வழக்கம்; யூனிகோடில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாகச் சேமிக்கப்படும். கொ என்ற எழுத்துக்குப் பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று குறிகள், யூனிகோடில் இரண்டே. இந்த வரிசை மாற்றத்தை நிரல் சரியாகவே செய்கிறது.

ஆனால் பெங்களூரு அழைப்பிதழ் எதுவும் தமிழ் மட்டும் கொண்டதல்ல. மணமகன் வீட்டு முகவரியில் மெயின், கிராஸ், ஸ்டேஜ் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். எழுத்தை வெறும் உரையாக எடுத்து மாற்றியில் விட்டால், அது ஆங்கிலத்தையும் பாமினி என்றே எண்ணி, கிராஸ் என்ற ஆங்கிலச் சொல்லை ஊசழளள என்று ஆக்கிவிடும். இதைத் தவிர்க்க, கோப்பை லிபர்ஆஃபிஸின் தட்டையான எக்ஸ்எம்எல் வடிவில் சேமித்தேன். அந்த வடிவில் ஒவ்வொரு துண்டு எழுத்தோடும் அதன் எழுத்துருவின் பெயர் தெரியும்படி இருக்கும். எழுத்துரு பாமினி என்று இருக்கும் துண்டை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாமல் விடும்படி நிரலை அமைத்தேன். முகவரிகள் பத்திரமாக வந்தன. கோப்புறை முழுவதையும் ஒரே ஓட்டத்தில் மாற்றாமல், வாடிக்கையாளர் திரும்பி வரும்போது அவருடைய கோப்பை மட்டும் மாற்றி அக்கா படித்துத் திருத்துவது என்று வைத்துக்கொண்டோம். பெயரில் ஒரு புள்ளி பிசகினாலும் பந்தலில் நின்று பதில் சொல்ல வேண்டிய தொழில் இது. மனிதக் கண் பாராமல் எதையும் அச்சுக்கு விட முடியாது.

கோயில் மலர் ஒன்றின் உரைக்கோப்பு டிஸ்கி குறியாக்கத்தில் இருந்தது. புதிய கணினியில் திறந்து ஒட்டியபோது வரிகளில் இகரம் மட்டும் காணாமற்போயிருந்தது: இல்லம் என்பது ல்லம், இனிய என்பது னிய. டிஸ்கியில் இ 173ஆம் இடத்தில் இருக்கிறது. அந்த இடம் மேலைநாட்டுக் குறியாக்கத்தில் வரி முறியும்போது மட்டும் தெரியும் மறை இணைப்புக்கோட்டுக்கு உரியது. யூனிகோடை அறிந்த புதிய மென்பொருள் அதை மறைத்துவிடுகிறது. கோப்பைத் திறந்து ஒட்டாமல், பைட்டு பைட்டாகப் படித்து மாற்றியில் கொடுத்தால் எல்லா இகரமும் திரும்பி வந்துவிடும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அந்த ஆண்டிலேயே நமது அச்சகங்களும் மெல்ல மாறத் தொடங்கியிருந்தால் இந்த வேலையின் பாதி இன்று இருந்திருக்காது. அப்போது யாரும் வந்து கடைக்காரர்களிடம் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

புதிய வேலைகளுக்கு ஸ்கிரைபஸ் 1.6ஐ நிறுவினேன். இந்தப் பதிப்பு தமிழ் யூனிகோடைச் சரியாகக் கோத்து அடுக்குகிறது, கட்டணமில்லை. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, பாலூ தம்பி ஆகிய எழுத்துருக்களைச் சேர்த்தேன்; எல்லாமே திறந்த உரிமத்தில் வருபவை, தொழிலுக்கும் பயன்படுத்தலாம். தலைப்புக்குப் பாலூ தம்பி எடுப்பாக இருக்கிறது. பாமினி காலத்து அலங்கார எழுத்துகளின் வகை இன்னும் யூனிகோடில் வரவில்லை என்பது உண்மை. பழைய உருவம்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவருக்குப் பழைய கணினியில் தலைப்பை மட்டும் எடுத்துப் படமாக வைத்துக்கொள்கிறார்கள்.

அக்காவின் விரல்கள் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பில் பழகியவை. விண்டோஸில் இப்போது தமிழ்99, அஞ்சல் என்ற விசைப்பலகை அமைப்புகள் உள்ளேயே கிடைக்கின்றன. தட்டச்சுப்பொறி அமைப்புக்கு இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு நிரலை நிறுவினேன். பழைய மென்பொருளில் அவர் அடித்த அதே விசைகளை அடித்தால் யூனிகோடு எழுத்து விழுகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரைப் புதிய விசைப்பலகை கற்கச் சொல்வது எந்த மதிப்பீட்டிலும் வராத செலவு. அதை அவர் மேல் சுமத்தாமல் இருக்க முடிந்தது எனக்கு மிகுந்த நிறைவு தந்தது. டாஸ்க்பார் கீழேயே நிற்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. திரையை நீளவாட்டில் திருப்பி நிறுத்தும் தாங்கி அந்தத் திரையிலேயே இருந்தது, திருப்பிக்கொடுத்தேன்.

பழைய கணினிக்குச் செய்தவை: க்ளோன்சில்லா என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு வட்டு முழுவதையும் வெளி வட்டில் படிமமாக எடுத்தேன், தாய்ப்பலகையின் சிறு பேட்டரியை மாற்றினேன், வலைக்கம்பியைக் கழற்றிப் பின்புறத் துளையை டேப்பால் ஒட்டினேன். அதிலிருந்து கோப்பு எடுக்கும் பென்டிரைவ் முதலில் மின்ட் கணினிக்குப் போய், அங்கே சோதிக்கப்பட்ட பிறகே விண்டோஸ் 11 கணினிக்கு வரலாம் என்பது கடையின் விதி. படிமம் இருப்பதால் வட்டு கெட்டாலும் அதே பலகையில் மறுபடி எழுப்பலாம். பலகையே போய்விட்டால் அந்த உரிமத்தின் கதையும் அதோடு முடியும். அதற்குள் அடிக்கடி கேட்கப்படும் கோப்புகளை மாற்றிவிட வேண்டும் என்று அக்கா ஒரு நோட்டில் வரிசை எழுதி வைத்திருக்கிறார்.

ஆன செலவு: புதுப்பித்த கணினி 15,500 ரூபாய், எஸ்எஸ்டி 2,100, வெளி வட்டு 4,200, யுபிஎஸ் பேட்டரி 1,100, ஆக மொத்தம் 22,900 ரூபாய். அக்கா கோப்புகளைப் படித்துத் திருத்தும் நேரத்துக்கு உரிமையாளர் தனியாக ஊதியம் தருகிறார். அதையும் செலவாகவே எழுதச் சொல்லியிருக்கிறேன், ஏனெனில் அதுதான் இந்த மாற்றத்தின் பெரும் பங்கு.

முடியாமல் நிற்பது கன்னட வேலைகள். அல்சூரில் பாதி அழைப்பிதழ்களில் ஒரு பக்கம் கன்னடம். பழைய கோப்புகள் நுடி என்ற கன்னட மென்பொருளின் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. புதிய நுடி யூனிகோடில் எழுதுகிறது என்பதால் புதிய வேலைகளுக்குத் தடையில்லை. பழையவற்றை மாற்றினால் எழுத்தின் கீழ் வரும் ஒத்துகளையும் கூட்டெழுத்துகளையும் கன்னடம் நன்கு படித்தவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியை ஒருவரிடம் உரிமையாளர் பேசியிருக்கிறார். அவர் வரும் வரை அந்தக் கோப்புகள் பழைய கணினியிலேயே திறக்கப்படும்.